பேனலில் ஜூனியர் பெயர் இருக்கிறது, என் பெயர் இல்லை: வழக்குப் போடலாமா?

08.09.2025, கேள்வி

சார் வணக்கம். பாலக்கோடு பக்கம் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். 2018 குரூப் 4 எழுதி வந்தவன். 2019 தேர்வில் வந்தவர் பெயர் உதவியாளர் பேனலில் (பதவி உயர்வுக்குத் தகுதியானவர்கள் பட்டியலில்) வந்திருக்கிறது, என் பெயர் இல்லை. பதவி உயர்வு அடிப்படை உரிமை, ஹைகோர்ட்டில் ரிட் போட்டால் முதல் நாளே ஸ்டே (இடைக்காலத் தடை) கிடைக்கும் என்று சங்கத்தில் ஒருவர் சொல்கிறார். போடலாமா?

08.09.2025, இரவு

போடலாம், யார் வேண்டுமானாலும் போடலாம். அதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒன்றாக இருந்த தர்மபுரி மாவட்டத்திலும், பிரிந்தபின் கிருஷ்ணகிரியிலும் பணியமைப்புப் பிரிவு சீட்டில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். பதவி உயர்வு வழக்கு வந்தால் அரசு வழக்கறிஞருக்குப் பத்திவாரிக் குறிப்புரை எழுதி அனுப்புகிற வேலை என்னுடையது. அதாவது இத்தனை வருடம் உங்களுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவன். நீங்கள் எங்கே விழுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பதவி உயர்வு அடிப்படை உரிமை இல்லை. தகுதி வந்தபின் பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்படுவதுதான் அடிப்படை உரிமை, அரசியலமைப்பின் 16ஆம் உறுப்பில் வருவது. 1999இல் அஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னது இது. உங்கள் பெயரை எடுத்துப் பார்த்து, காரணம் எழுதி ஒதுக்கினார்களா, அல்லது பார்க்கவே இல்லையா? இரண்டும் வேறு வேறு வழக்கு.

நாளைக்குள் இவற்றைச் சொல்லுங்கள்: தகுதிகாண் பருவம் முடித்த ஆணை வந்துவிட்டதா, என்ன தேதி? பவானிசாகரில் புது ஊழியர்களுக்கு நடக்கிற அடிப்படைப் பயிற்சிக்கு எப்போது போனீர்கள்? துறைத் தேர்வுகள் முடிந்ததா? மெமோ (குற்றச்சாட்டுக் குறிப்பாணை) ஏதாவது உண்டா? முக்கியமாக, நீங்கள் பார்த்தது தற்காலிகப் பட்டியலா, இறுதிப் பட்டியலா?

09.09.2025

ஸ்டே பற்றி ஒரு வார்த்தை. ஸ்டே வாங்கிய அன்று ஸ்வீட் கொடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பேனல் நின்றால் எல்லாருக்கும் நிற்கும். பட்டியலில் உங்களுக்கு மேலே இருக்கிற, ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆளுக்கும் நிற்கும். அவர் அந்த வருடமே ஓய்வு பெற்றுவிட்டால் ஆயுளுக்கும் உங்களோடு பேசமாட்டார். காலியிடம் இருக்கிறது, ஆள் வேண்டும், ஆனால் பேனல் கோர்ட்டில் இருக்கிறது, அதனால் பொறுப்பு கூடுதலாக யாரோ ஒருவர் தலையில். அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் வழக்குப் போட்டவராகவே இருப்பார், அது தனி வேடிக்கை.

10.09.2025

இன்றைக்குத் தம்பி பதில் போட்டிருக்கிறார். மெமோ இல்லை. தேர்வுகள் முடித்திருக்கிறார். பவானிசாகர் அடிப்படைப் பயிற்சிக்கு மட்டும் தாமதமாகத்தான் அனுப்பியிருக்கிறார்கள், அதனால் தகுதிகாண் பருவம் முடித்த ஆணையும் தாமதம். பார்த்தது எந்தப் பட்டியல் என்று அவருக்கே தெரியவில்லை, வாட்ஸப்பில் வந்த போட்டோவாம்!

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பணிமூப்புப் பட்டியல் வேறு, பேனல் வேறு. யார் முன், யார் பின் என்பது பணிமூப்பு. அந்த வருடத்துக்கான முக்கியத் தேதியில் யாருக்கெல்லாம் முழுத் தகுதி இருக்கிறது என்று வடிகட்டி எடுப்பது பேனல். பணிமூப்பில் நீங்கள் மேலேயே இருக்கலாம், ஆனால் அந்தத் தேதியில் தகுதிகாண் பருவம் முடிந்திராவிட்டால் பேனலில் உங்களைத் தாண்டிப் போவார்கள். அதை ‘ஜூனியர் என்னை முந்திவிட்டார்’ என்று மனுவில் எழுதினால், நான் மூன்று வரியில் பதில் எழுதிவிடுவேன். ‘பயிற்சிக்கு அனுப்ப வேண்டியது அலுவலகம், நான் அனுப்பச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன், அலுவலகத் தாமதத்துக்கு நான் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்’ என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் வேர்க்கும். கடிதம் கொடுத்தீர்களா? தபால் பதிவு எண்ணோடு நகல் இருக்கிறதா?

13.09.2025

கடிதம் கொடுக்கவில்லையாம். வாயால் கேட்டாராம். சரி.

13.09.2025, மாலை

ஊத்தங்கரையிலிருந்து ஒருவர் ‘எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், நியாயத்துக்குக் காலக்கெடு கிடையாது’ என்று எழுதியிருக்கிறார். வசனம் நன்றாக இருக்கிறது. கோர்ட்டில் செல்லாது. நாங்கள் மனு நகல் கையில் கிடைத்ததும் முதலில் பார்ப்பது தேதியைத்தான். அப்புறம்தான் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம்.

நம் மாநிலத்து வழக்கே இருக்கிறது, சதாசிவசாமி எதிர் தமிழ்நாடு அரசு, 1974. ஜூனியரைத் தன் தலைக்கு மேல் உயர்த்தினால் ஆறு மாதத்துக்குள், மிஞ்சிப் போனால் ஒரு வருடத்துக்குள் வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அரை நூற்றாண்டு ஆகியும் அரசுத் தரப்பின் ஒவ்வொரு எதிர்வாத மனுவிலும் இந்தத் தீர்ப்பு உட்கார்ந்திருக்கும். பணிமூப்பை மாற்றக் கேட்கும் மனுவுக்கும் அரசுப் பணிக்கான பழைய பொது விதி 35(எஃப்) மூன்று வருடக் கெடு வைத்திருந்தது. அதற்கு மேல் வந்தால் பரிசீலிக்காமலே தள்ளலாம், பதிவில் உண்மைத் தவறு இருந்து அதைத் திருத்துகிற கேஸுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும்.

இன்னொரு தந்திரம் நம் ஆட்களிடம் உண்டு. பத்து வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரு மனு கொடுப்பார்கள். பதில் வராது. ‘என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்’ என்று மட்டும் கேட்டு ஒரு ரிட். கோர்ட்டும் ‘எட்டு வாரத்தில் பரிசீலித்து ஆணையிடுக’ என்று அனுப்பும். அலுவலகம் நிராகரித்து ஓர் ஆணை போடும். அந்தப் புது ஆணையைக் காட்டி, இப்போதுதான் வழக்குக் காரணம் பிறந்தது என்று அடுத்த ரிட். 2008இல் ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கதவைச் சாத்திவிட்டது. செத்துப்போன கோரிக்கைக்கு ஒரு பதில் கடிதத்தால் உயிர் வராது. அதுவும் தமிழ்நாட்டுப் புவியியல் சுரங்கத் துறையிலிருந்து போன வழக்குதான்.

18.09.2025

2004 பிரிவினை பற்றிச் சிலர் கேட்டதால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. தர்மபுரியே 1965 அக்டோபரில் சேலத்திலிருந்து பிரிந்ததுதான், ஆனால் அந்தச் சண்டையைப் பார்த்தவர்கள் யாரும் என் காலத்தில் சீட்டில் இல்லை. மாவட்டம் பணிமூப்பு அலகாக இருக்கிற துறைகளில் மாவட்டத்தைப் பிரித்தால் பட்டியலையும் பிரிக்க வேண்டும். நேற்று வரை ஒரே வரிசையில் நின்றவர்கள் இன்று இரண்டு வரிசை. யாருக்கு எந்தப் பக்கம் என்று விருப்பம் கேட்டார்கள். நிறையப் பேர் வீடு எங்கே, பிள்ளை பள்ளிக்கூடம் எங்கே என்று பார்த்து எழுதிக் கொடுத்தார்கள். பென்னாகரத்துக்காரர் ஏன் கிருஷ்ணகிரி கேட்கப் போகிறார்? கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அந்தப் பக்கம் சீனியர்கள் எத்தனை பேர் போகிறார்கள், எந்த வருடம் எத்தனை பேர் ஓய்வு என்று. கணக்குப் போட்டவர்கள் சீக்கிரம் மேலே போனார்கள். மற்றவர்களுக்குப் பல வருடம் கழித்துத்தான், தன்னைவிட ஜூனியர் ஒருவர் பக்கத்து மாவட்டத்தில் அதிகாரியாகிக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தபோது, உறைத்தது. அப்போது வழக்குக்கு ஓடினார்கள். விருப்பம் நீங்களே எழுதிக் கொடுத்தது, கையெழுத்து உங்களுடையது. என்ன வழக்கு?

என் நண்பர் ஒருவருக்கு நடந்தது வேறு மாதிரி. துறை பெயர் வேண்டாம். பட்டியல் பிரித்தபோது அவருடைய பணிவரன்முறைத் தேதியை (வேலையை முறைப்படுத்திய தேதியை) தவறாகத் தட்டச்சு செய்துவிட்டார்கள், வருடமே மாறிவிட்டது. தற்காலிகப் பட்டியல் சுற்றுக்கு வந்தது, ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளில் தெரிவிக்க என்று. அவர் ‘பார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டார். நம் அலுவலகங்களில் சுற்றறிக்கைக்குப் போடுகிற கையெழுத்து எப்படிப் போடப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியும், டீ கிளாஸை ஒரு கையில் பிடித்துக்கொண்டு. பிறகு பேனல் வந்தபோது கீழே கிடந்தார். அவருக்குக் கை கொடுத்தது அந்த 35(எஃப்) விலக்குதான். பணிப்பதிவேட்டில் சரியான தேதி, பட்டியலில் தவறான தேதி, இது உண்மைத் தவறு, கெடு பொருந்தாது. நீதிமன்றம் போகாமலே திருத்தினார்கள். ஆனால் அதற்குள் இரண்டு பேனல் போய்விட்டது.

19.09.2025

‘மதுரைக் கிளையில் போட்டால் சீக்கிரம் முடியுமா’ என்று ஒரு கேள்வி. நமக்கு மதுரை கிடையாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் சென்னை அமர்வு. கிருஷ்ணகிரி ஊருக்கு ரயிலும் கிடையாது, ராத்திரி பஸ் ஏறி உட்கார வேண்டியதுதான். ஒரு காலத்தில் பணி வழக்குகளுக்கென்றே மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் இருந்தது, அதை மூடியபின் அதன் கட்டுகள் எல்லாம் ஹைகோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

24.09.2025

இப்போது பெரிய விஷயம். காரிமங்கலத்திலிருந்து ஒரு மேடம் கேட்டிருக்கிறார், டிஎன்பிஎஸ்சி ரேங்க்கில் முன்னால் இருந்தும் பட்டியலில் பின்னால் இருக்கிறேன், இது எப்படி என்று. கடந்த பதினைந்து வருடத்தில் தமிழ்நாட்டு அரசு ஊழியர் பதவி உயர்வைக் கலக்கிய வழக்கு இதுதான்.

இங்கே நேரடி நியமனத்துக்கு 200 புள்ளி இனச்சுழற்சி உண்டு, அதாவது எந்த இடம் எந்த ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு என்று எண் போட்ட வரிசை. யாருக்கு வேலை என்று முடிவு செய்ய அது. ஆனால் பல வருடமாக அதே சுழற்சி வரிசையையே பணிமூப்பு வரிசையாகவும் எடுத்துக்கொண்டோம். ஒருவர் மதிப்பெண்ணில் மூன்றாவது, சுழற்சியில் அவருக்கு விழுந்த இடம் முப்பது என்றால் பணிமூப்பிலும் முப்பது. 2003இல் பிம்லேஷ் தன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம், சுழற்சிப் புள்ளி நியமனத்துக்கு மட்டும், பணிமூப்புக்குத் தேர்வில் எடுத்த தகுதி (ரேங்க்) வரிசைதான் என்றது. அது ஹரியானா வழக்கு, நமக்கு என்ன என்று இருந்தோம். சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் இங்கேயும் அதேதான் என்றது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை ஏற்கவில்லை.

அரசு விடவில்லை. 2016இல் அரசுப் பணியாளர்கள் (பணி நிபந்தனைகள்) சட்டம் கொண்டுவந்து, 40ஆம் பிரிவில் சுழற்சிதான் பணிமூப்பு என்று எழுதி, அதை 1955 ஜனவரி 1 முதல் அமலில் இருந்ததாகக் கொள்க என்று முன்தேதியிட்டார்கள். 1955! அந்தத் தேதியில் பணியில் சேர்ந்தவர் ஓய்வு பெற்றே பல காலம். 2019 நவம்பர் 15 அன்று உயர் நீதிமன்றம் 1(2), 40, 70 ஆகிய பிரிவுகளை ரத்து செய்தது. அப்புறமும் பட்டியலைத் திருத்தாமல் இழுத்து, உச்ச நீதிமன்றத்தில் அவமதிப்பு வழக்கு வரை போனது.

இதைச் சாதிச் சண்டையாக இங்கே எழுதினால் நான் பதில் சொல்லமாட்டேன். இடஒதுக்கீட்டில் யாருக்கும் ஓர் இடம்கூட இதனால் குறையவில்லை. சுழற்சி வரிசையில் அடிபட்டவர்களில், நல்ல ரேங்க் எடுத்து வந்த ஒதுக்கீட்டுப் பிரிவுக்காரர்களும் உண்டு. பதவி உயர்வில் இடஒதுக்கீடு என்பதும் வேறு கதை. 1992 இந்திரா சாஹ்னி, அப்புறம் அரசியலமைப்பின் 77ஆவது திருத்தம், 85ஆவது திருத்தம், 2006இல் நாகராஜ், 2018இலும் 2022இலும் ஜர்னைல் சிங் என்று அது தனியாக ஓடுகிறது. இரண்டையும் கலந்து பேசுகிறவரிடம் சட்டம் கேட்காதீர்கள்.

மேடம், உங்கள் தேர்வு ஆண்டின் ரேங்க் பட்டியலையும் உங்கள் அலகின் பணிமூப்புப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆணையத்தின் ரேங்க் மாநில அளவு, உங்கள் பட்டியல் உங்கள் அலகு அளவு. உங்கள் அலகுக்கு வந்தவர்களை மட்டும் ரேங்க் வரிசையில் எடுத்து எழுதுங்கள், பிழை இருந்தால் தானாகத் தெரியும்.

25.09.2025

மேலே எழுதியதை இரவில் யோசித்துப் பார்த்தேன். திருத்திய பட்டியலால் கீழே இறங்கியவர்களும் என்னிடம் பேசியிருக்கிறார்கள். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. அரசு போட்ட வரிசையில் நின்று, பதவி உயர்வு வாங்கி, பத்து வருடம் அந்தப் பதவியில் வேலை பார்த்து, பிள்ளை கல்யாணப் பத்திரிகையில் அந்தப் பதவியை அச்சடித்தவர்கள். தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். ஆனால் இறங்குகிறவருக்கு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் பட்டியலைத் தொட்டிருக்க வேண்டும். வாங்கிய சம்பளத்தைத் திருப்பிப் பிடிக்கிறார்களா என்று கேட்கிறவர்களுக்கு: 2014 ரஃபிக் மசி தீர்ப்பு இருக்கிறது. சி, டி பிரிவு ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஒரு வருடத்துக்குள் ஓய்வு பெறப் போகிறவர்கள், ஐந்து வருடத்துக்கு மேல் பிழையாகக் கொடுத்து வந்த தொகை, இவற்றில் பிடித்தம் கூடாது. நோட்டீஸ் வந்தால் பயந்து கட்டிவிடாதீர்கள்.

28.09.2025

அரூர் ஆசிரியை ஒருவர் தனியே கேட்டார். ஆசிரியர் வழக்குகள் என் பாடம் இல்லை, வீட்டில் ஒரு ஆசிரியை இருப்பதால் கொஞ்சம் தெரியும். இந்த மாதம் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி இல்லாமல் பதவி உயர்வு இல்லை, எந்த வருடம் சேர்ந்தவராக இருந்தாலும். ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்குக் குறைவாக இருப்பவர்கள் டெட் இல்லாமல் பணியில் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கேட்கக் கூடாது. மற்றவர்களுக்கு இரண்டு வருடம் அவகாசம். சிறுபான்மைப் பள்ளி விஷயம் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது.

அதற்கு முன்னால் தொடக்கக் கல்வியில் அரசாணை 243, 2023 டிசம்பர் 21. ஒன்றிய அளவு முன்னுரிமையை மாநில அளவு ஆக்கியது. எங்கள் வீட்டிலேயே இதில் இரண்டு கட்சி. ஒன்றியம் விட்டு ஒன்றியம் மாறி வந்து வரிசையில் கடைசிக்குப் போனவர்களுக்கு இது வரம். தளியிலோ அஞ்செட்டியிலோ யாரும் வர விரும்பாத பள்ளியில் கிடந்து, ‘இந்த ஒன்றியத்தில் அடுத்த தலைமையாசிரியர் நான்தான்’ என்று எண்ணிக்கொண்டிருந்தவருக்கு இடி. கவுன்சிலிங்கில் எந்த மாவட்டம் விழுமோ தெரியாது. நான் இரண்டாவது கட்சி, மனைவி முதல் கட்சி. சாப்பாடு கிடைக்க வேண்டும் என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

01.10.2025

பர்கூரில் ஒருவருக்கு 17(பி), அதாவது பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு நிலுவை. ‘ஜானகிராமன் தீர்ப்புப்படி மூடிய உறையில் வைக்க வேண்டும், ஏன் என்னை ஒதுக்கினார்கள்’ என்கிறார். 1991 ஜானகிராமன் வழக்கின் சாரம் உங்களுக்கு உதவாது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தபின்தான் பதவி உயர்வை நிறுத்தலாம், விசாரணை நடக்கப் போகிறது என்ற பேச்சை வைத்து நிறுத்தக் கூடாது என்பதுதான் அது. உங்களுக்குக் குறிப்பாணை கையில் கொடுத்தாயிற்று. மூடிய உறை, அதாவது பரிசீலித்த முடிவை விசாரணை முடியும்வரை உறையில் மூடி வைப்பது, மத்திய அரசு வழக்கம், நம் பேனலில் பெயரை ஒத்திவைப்பார்கள். தண்டனை முடிந்தாலும் செக் பீரியட் (தண்டனையைக் காட்டிப் பேனலில் சேர்க்காமல் விடுகிற காலம்) இருக்கிறது, கண்டனம் என்றால் ஓராண்டு, அதற்கு மேல் என்றால் ஐந்தாண்டு. விசாரணையை முடிக்காமல் வருடக்கணக்கில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் அதைத் தாக்குங்கள், காலவரம்பு வைத்து முடிக்கச் சொல்லிக் கேளுங்கள். பேனலைத் தாக்காதீர்கள்.

பேனல் தேதிக்கு நாலு நாள் முன்பு மெமோ கொடுத்து ஆளை வெட்டுவதையும் பார்த்திருக்கிறேன். அதற்கான ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. அப்படி என்றால் மெமோவின் தேதி, அதில் சொன்ன சம்பவத்தின் தேதி, பேனலின் முக்கியத் தேதி மூன்றையும் மனுவின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

04.10.2025

ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்று யாருமே கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். பெரும்பாலும் ‘நோஷனல்’. ஜூனியர் உயர்ந்த தேதியிலிருந்து நீங்களும் உயர்ந்ததாகக் காகிதத்தில் கணக்கு, பணிமூப்பு, சம்பள நிர்ணயம். வேலை பார்க்காத காலத்துக்குப் பாக்கி கிடைப்பது கடினம். நீங்கள் தயாராக இருந்தும் அலுவலகம்தான் தடுத்தது என்று காட்டினால் ஜானகிராமனே பாக்கிக்கும் வழி வைத்திருக்கிறார், அதற்குத்தான் கடிதம் கடிதம் என்று நான் கத்துவது. ‘காலியிடம் 2021லேயே இருந்தது, அன்றிலிருந்து கொடு’ என்று கேட்காதீர்கள். காலியிடம் விழுந்த தேதியில் பதவி உயர்வு பிறக்காது என்று 1989லேயே சொல்லியாயிற்று.

அப்புறம், ஜூனியரை எதிர்மனுதாரராகச் சேர்க்காமல் அரசை மட்டும் சேர்த்து ஜெயித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதிக்கப்பட்டவர் ‘என்னைக் கேட்காமல் தீர்ப்பா’ என்று மேல்முறையீடு போவார், மறுபடி முதலிலிருந்து. கூச்சமாக இருக்கும், தினமும் பக்கத்து மேசையில் உட்காருகிற ஆள்தானே. சேர்த்துத்தான் ஆக வேண்டும். முந்தின நாள் அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள், கோர்ட் நோட்டீஸ் மூலம் தெரிந்துகொள்வதைவிட அது மேல்.

07.10.2025

பாலக்கோட்டுத் தம்பி ஒருவழியாகப் பட்டியலைப் பிடித்துவிட்டார். தகவல் உரிமை மனு போடச் சொல்லியிருந்தேன், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. அதற்குப் பதில் வரும் முன்னரே பிரிவில் ஒருவர் இரக்கப்பட்டு நகல் கொடுத்திருக்கிறார். வாட்ஸப்பில் சுற்றியது தற்காலிகப் பட்டியல்! ஆட்சேபணைக் கெடு இந்த வெள்ளிக்கிழமை வரை இருக்கிறது. ஒரு மாதமாக வக்கீல், ஸ்டே என்று பேசிக்கொண்டிருந்தோம்.

தம்பி, மனு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பணியில் சேர்ந்த நாள், பணிவரன்முறை நாள், தேர்வுகள் முடித்த நாள், பயிற்சிக்கு அனுப்பப்பட்ட ஆணையின் எண்ணும் நாளும், உங்களோடு சேர்ந்தவர்கள் எப்போது அனுப்பப்பட்டார்கள் என்பது. உங்கள் பேட்ச்சில் மற்றவர்களை முன்பே அனுப்பி உங்களை மட்டும் விட்டிருந்தால் அதுதான் உங்கள் கேஸ். கடிதம் கொடுக்காத குறையை அது ஓரளவு ஈடுகட்டும். எல்லாரையும் தாமதமாகத்தான் அனுப்பினார்கள் என்றால், இந்தப் பேனலில் உங்களுக்கு இடமில்லை, அடுத்த பேனலில் கட்டாயம் வரும், வழக்குக்குக் காசு செலவழிக்காதீர்கள். சங்க வாசகம் எதுவும் வேண்டாம், ‘அடிப்படை உரிமை’ என்ற சொல்லே வேண்டாம். முறையான வழியில் (மேலதிகாரி மூலம்) ஒன்று, நேரில் கொடுத்து நகலில் முத்திரையோடு ஒப்புகை ஒன்று.

10.10.2025

கொடுத்துவிட்டாராம், ஒப்புகை போட்டோ அனுப்பியிருக்கிறார். முத்திரை இருக்கிறது, தேதி இல்லை. தம்பி, திங்கள் காலை போய் தேதி போட்டு வாங்குங்கள்.